தனி ஊராட்சி கொடிக்கால்மேடு அன்புடன் வரவேற்கிறது

குழாயைத் திருகியதும் அது நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. சுரேஷ்கண்ணன் இன்னொரு சுற்று திருகிப் பார்த்தார். மறுபடியும் காற்றுதான் வந்தது.

மகள் சினேகாவின் கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. வாசலில் பந்தல்கால் நட்டாயிற்று. சமையல்காரருக்குச் சொல்லியாயிற்று. கம்பத்திலிருந்து அண்டாவும் குண்டாவும் வந்து இறங்கிவிட்டன. அவற்றில் ஊற்றத்தான் தண்ணீர் இல்லை. இடுப்பில் காலிக்குடத்தோடு பின்னால் நின்றிருந்த அவருடைய மனைவி அனுசுயா வாயைத் திறக்கவில்லை. அனுசுயா பேசினால் சமாளித்துவிடலாம், பேசாமல் நின்றால்தான் ஆபத்து.

"வால்வ அடைச்சுட்டாக," என்றார் சுரேஷ்கண்ணன்.

"யாரு?"

"தாழையனூர்க்காரக."

"எங்கண்ணன் அடைச்சிருச்சுன்னு சொல்லுங்க. அதுக்கு எதுக்கு ஊரச் சேக்குறீக?"

அது உண்மைதான். தாழையனூர் ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவரும், வால்வைத் திறந்து அடைக்கிறவரும் கருத்தக்கண்ணன்தான். அனுசுயாவின் கூடப்பிறந்த அண்ணன், சினேகாவுக்குத் தாய்மாமன்.

தொட்டி இருப்பது கொடிக்கால்மேட்டுக்கு மேலே உள்ள கரட்டில். அங்கிருந்து இறங்கும் மெயின் பைப், கொடிக்கால்மேட்டுத் தெருவுக்கு அடியில் ஓடித்தான் தாழையனூருக்குப் போகிறது. ஆனால் கொடிக்கால்மேடு தாழையனூர் ஊராட்சியைச் சேர்ந்த ஒரு சின்ன ஊர். அதனால் தாழையனூர் குடித்து, குளித்து, மாட்டையும் குளிப்பாட்டி முடித்த பிறகுதான் கொடிக்கால்மேட்டு வால்வு திறக்கும். காலுக்கடியில் ஓடுகிற தண்ணீருக்காக அடுத்த ஊர் மாடு குளித்து முடிக்கும்வரை காத்திருப்பது எந்த மனுஷனுக்கும் வயிற்றெரிச்சலைத் தரும். அந்த வயிற்றெரிச்சலில் பிறந்ததுதான் 'கொடிக்கால்மேடு தனி ஊராட்சி மீட்புக் குழு'. இதற்குமுன் இல்லாத ஒன்றை எப்படி மீட்பது என்று குழுவில் யாரும் கேட்கவில்லை. தலைவராக சுரேஷ்கண்ணனைப் போட்டார்கள். திராட்சைத் தோட்டம், உரக்கடை, உரத்த குரல் மூன்றும் அவரிடம் இருந்தன.

குழு சும்மா இருக்கவில்லை. ஊராட்சித் தலைவரிடம் முறையிடலாம் என்றால், தலைவரின் பதவிக்காலம் முடிந்து நாளாகியிருந்தது. அடுத்த தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போதைக்கு எல்லாம் தனி அலுவலர்தான் என்றார்கள். ஒன்றிய அலுவலகத்துக்குப் போனால் அவர் கூட்டத்துக்காகத் தேனி போயிருந்தார். தேனிக்குப் போனால் இப்போதுதான் கிளம்பினார் என்றார்கள். அவருடைய ஜீப்பும் குழுவினர் போன பஸ்ஸும் வீரபாண்டிப் பக்கம் எங்கோ ஒன்றையொன்று கடந்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. ஓட்டுக் கேட்டு வேனில் வந்த வேட்பாளர், குழுவின் கோரிக்கையை வேனில் நின்றபடியே கேட்டார். நான் ஜெயித்தால் கொடிக்கால்மேடு தனி ஊராட்சி என்று மைக்கில் முழங்கினார். ஜெயித்தார். நன்றி சொல்லவும் வந்தார். "சொன்னேன், செஞ்சுட்டேன். இனிமே நீங்க யார்கிட்டயும் கையேந்த வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, போர்த்திய சால்வையோடு அடுத்த ஊருக்குப் போனார். கொடிக்கால்மேடு வெடி போட்டுக் கொண்டாடியது. மறுநாளே தெருமுனையில் மூங்கில் வளைவு எழும்பியது. சுரேஷ்கண்ணன் கைகூப்பிச் சிரிக்கும் படத்தோடு ஃபிளெக்ஸ் ஏறியது: 'தனி ஊராட்சி கொடிக்கால்மேடு அன்புடன் வரவேற்கிறது'.

வரவேற்றதும் புதிதாக ஒருவரும் வரவில்லை, வழக்கமாக வந்துகொண்டிருந்தவர்களும் நின்றுபோனார்கள். கொசுமருந்து அடிக்கிறவர் வளைவை அண்ணாந்து பார்த்துவிட்டு மெஷினைத் திருப்பிக்கொண்டு போனார். தெருவிளக்கு மாட்டுகிறவர், புது ஊராட்சிக்குப் புது ஆளைப் போடுவார்கள் என்று போனிலேயே சொல்லிவிட்டார். நூறுநாள் வேலைக்குப் போன பெண்களை, உங்கள் ஊருக்கு இனி தனியாக வேலை வரும் என்று திருப்பி அனுப்பினார்கள். ஊராட்சிச் செயலர் வின்சென்ட் மட்டும் மரியாதையாகப் பேசினார். ஏற்கெனவே நாலு ஊராட்சியைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

"இனிமே நீங்க எங்க லிமிட்டு இல்லண்ணே," என்றார். "ஆசைதான், ஆனா நான் கையவச்சா தப்பாயிரும்."

சுரேஷ்கண்ணன் அதற்கும் அசரவில்லை. கல்யாணத்துக்குப் பேசிவைத்திருந்த தாழையனூர் மண்டபத்தை ரத்து செய்தார். தனி ஊராட்சியின் முதல் கல்யாணம் தனி ஊராட்சி மண்ணில்தான் நடக்கும் என்று குழுக் கூட்டத்தில் அறிவித்தபோது கைதட்டல் பலமாக இருந்தது. அனுசுயா மட்டும் கைதட்டவில்லை. இரண்டே நாளில் குழாய் பெருமூச்சு விட்டது.

அன்று காலையே சுரேஷ்கண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு தாழையனூருக்குப் போனார். தனியாகப் போயிருந்தால் காரியம் முடிந்திருக்கும். நாங்களும் வருகிறோம் என்று குழு உறுப்பினர்கள் நாலு பேர் பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள்.

மோட்டார் ரூம் வாசலில் கருத்தக்கண்ணன் எல்லோரையும் உட்காரச் சொல்லி டீ வாங்கிவரச் செய்தார். மழை, திராட்சை விலை, மாப்பிள்ளை வீட்டார் சௌக்கியம் எல்லாம் பேசியாயிற்று.

"தண்ணிக்குத்தான் வந்தோம் மச்சான்," என்றார் சுரேஷ்கண்ணன்.

"தெரியுது மாப்ள. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஒறவுமொறையில கேக்குறீகளா, இல்ல தலைவராக் கேக்குறீகளா? ஒறவுல கேட்டா, எந்தங்கச்சி மக கல்யாணத்துக்கு நானே தலையில சொமந்து வந்து ஊத்துறேன். தலைவராக் கேட்டா நீங்க வேற ஊராட்சி. நான் தொறந்துவிட்டா என் வேல போயிரும்."

உறவுமுறையில்தான் மச்சான் என்று சொல்ல சுரேஷ்கண்ணனின் நாக்கு எழும்பியது. ஆனால் குழு உறுப்பினர்கள் நாலு பேரும் டீ குடிப்பதை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தலைவராத்தான் கேக்குறேன்," என்றார்.

கருத்தக்கண்ணன் எழுந்து எல்லார் கையிலிருந்தும் டீ கிளாஸை வாங்கி வைத்தார். யாரும் பாதிகூடக் குடித்திருக்கவில்லை.

திரும்பி வந்ததும் குழு கூடியது. லாரித் தண்ணீர் வாங்கலாம் என்றார் ஒருவர். லாரி வைத்திருப்பவரும் தாழையனூர்க்காரர் என்பதால் அது கைவிடப்பட்டது. கடைசியில் சொந்தமாக போர் போட்டுவிடுவது என்று முடிவாயிற்று. நீரோட்டம் பார்க்கிற பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தார். தேங்காய் எங்கேயும் அசையவில்லை. மூங்கில் வளைவுக்குப் பக்கத்தில், சுரேஷ்கண்ணனின் படத்துக்குக் கீழே வந்ததும், அது விறுக்கென்று எழுந்து நின்றது.

"கீழ ஆறே ஓடுது," என்றார் பெரியவர். "இம்புட்டு வேகத்த நான் பாத்ததே இல்ல."

மெயின் பைப் தெருவுக்கு எந்தப் பக்கமாகப் போகிறது என்று குழுவில் ஒருவருக்குச் சின்னதாகச் சந்தேகம் வந்தது. அது தெரிந்த ஒரே ஆள் கருத்தக்கண்ணன். அவரிடம் போய்க் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று குழு கருதியதால் யாரும் கேட்கவில்லை.

போர் லாரி வந்து, பூசை போட்டு, ராடை இறக்கினார்கள். அது ஒரு ஆள் இடுப்பளவு ஆழம்கூடப் போயிருக்காது. தண்ணீர் வளைவையும் தாண்டிப் பீறிட்டு அடித்தது. அறுநூறு அடி போனாலும் ஈரம் பார்ப்பது அபூர்வம், இதில் என்னவோ இருக்கிறது என்று லாரிக்காரர் சொல்லிப் பார்த்தார். குலவைச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. ஊரே குடத்தோடு ஓடிவந்தது. சுரேஷ்கண்ணனை நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அவர் நனைந்துகொண்டே படத்தில் இருப்பதைப் போலக் கைகூப்பினார். கடைசி வீட்டு முத்துமாரியம்மாள் ஒரு வாய் அள்ளிக் குடித்துவிட்டு, "இதுல்ல தண்ணி. தாழையனூர்த் தண்ணியெல்லாம் ஒரு தண்ணியா?" என்றார். எல்லோரும் அதை ஆமோதித்துக் குடித்தார்கள்.

தாழையனூரில் குழாய் நின்றுபோனதைப் பார்த்து, பைப் போகும் வழியைப் பிடித்துக்கொண்டே டிவிஎஸ்ஸில் வந்து சேர்ந்தார் கருத்தக்கண்ணன். பீறிட்டுக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், தோளில் உட்கார்ந்திருந்த தங்கை புருஷனையும் பார்த்தார். நேரே கரட்டில் ஏறித் தொட்டியின் பெரிய வால்வைத் திருப்பினார். நீரூற்று மெல்ல மெல்ல இறங்கி மண்ணுக்குள் போயிற்று. சுரேஷ்கண்ணனையும் கீழே இறக்கிவிட்டார்கள்.

அதன்பிறகு இரண்டு ஊருக்குமே தண்ணீர் இல்லை. உடைந்த பைப் தாழையனூருடையது, உடைந்த இடம் கொடிக்கால்மேட்டுடையது. அடுத்த ஊராட்சி மண்ணில் நான் எப்படிக் குழி தோண்டுவது என்று வின்சென்ட் வருத்தத்தோடு கேட்டார். தனி அலுவலரைத் தேடினார்கள், அவர் கூட்டத்தில் இருந்தார். தாழையனூர்க்காரர்கள் கோயிலடியில் கூடி, கொடிக்கால்மேட்டுக் கல்யாணத்துக்கு நம் ஊரிலிருந்து ஒருவரும் போகக்கூடாது, தாய்மாமனும் சேர்த்துத்தான் என்று முடிவுசெய்தார்கள்.

சேதி வந்ததும் அனுசுயா பையில் நாலு சேலையை அடுக்கினாள்.

"தண்ணி இல்லாமக்கூட ஒரு கல்யாணத்த நடத்திரலாம்," என்றாள். "தாய்மாமன் சீரு இல்லாம எம்மக கழுத்துல தாலி ஏறாது. எங்கண்ணன என்னைக்குக் கூப்பிட்டு வர்றீகளோ அன்னைக்கு நான் வாரேன். அதுவரைக்கும் நான் அந்த ஊராட்சி."

அவள் போன கையோடு காமயகவுண்டன்பட்டியிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா ராக்கையா போன் செய்தார். தாய்மாமன் கோபித்துக்கொண்டிருக்கிறாராமே, சீர் இல்லாமல் மணவறை ஏறினால் எங்கள் சனம் ஒருமாதிரிப் பேசும், வேண்டுமானால் தேதியைத் தள்ளிவைத்துக்கொள்ளலாமே என்று தன்மையாகத்தான் கேட்டார். தள்ளிவைப்பது என்றால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவருக்குத் தெரியாதா? போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சினேகா நின்றிருந்தாள். கையில் வைத்திருந்த மருதாணி காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"ஒங்க ஊராட்சிய நீங்களே வச்சுக்கங்கப்பா," என்றாள். "எனக்கு எங்க மாமா வேணும்."

அவள் பிறந்ததிலிருந்து அவரிடம் அப்படிப் பேசியதில்லை. சுரேஷ்கண்ணன் அன்று பகல் முழுக்கச் சாப்பிடவில்லை.

மறுநாள் வாசலில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால், ஊர்ப் பெண்கள் காலிக்குடங்களை வரிசையாக வைத்துத் தெருவை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் கொடு, இல்லை பதவியை விடு என்று கோஷம். போன வருஷம் தாழையனூர் ஊராட்சி அலுவலகத்தின் முன்னால் போடுவதற்காக அந்தக் கோஷத்தை எழுதிக்கொடுத்ததே சுரேஷ்கண்ணன்தான். எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே குடத்தைத் தட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தார்கள்.

"ஆத்தா, நான் என்ன கவர்மெண்டா? எனக்கு ஏது பதவி?" என்று முத்துமாரியம்மாளிடம் கெஞ்சினார் சுரேஷ்கண்ணன்.

"கவர்மெண்டு தேனியில இருக்கு. அங்கன போக ரெண்டு பஸ்ஸு மாறணும்," என்றார் முத்துமாரியம்மாள். "ஒங்க வீடுன்னா நடந்தே வந்துரலாம்ல."

சுரேஷ்கண்ணன் முற்றிலும் உடைந்துபோனது அப்போதுதான். பந்தல்காலுக்கு அடியிலேயே ஊர்க் கூட்டத்தைப் போட்டார். மறுபடியும் தாழையனூரோடு சேர்ந்துவிடலாமா என்று கேட்டு முடிக்கவில்லை, எல்லாக் கையும் மேலே போயிற்று. அன்று வெடி வாங்கிவந்தவர் இரண்டு கையையும் தூக்கினார். எனக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் இஷ்டமில்லை என்று ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அப்படியென்றால் இஷ்டப்பட்டது யார் என்று யோசித்துப் பார்த்ததில், கடைசியில் சுரேஷ்கண்ணன் ஒருவர்தான் மிஞ்சினார்.

தாழையனூருக்குக் கால்நடையாகப் போனார். இந்தமுறை யாரும் கூட வரவில்லை. கோயிலடியில் வைத்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் போட்ட நிபந்தனைகளுக்கெல்லாம் தலையாட்டினார். தண்ணீர் இனிமேலும் தாழையனூருக்கு அப்புறம்தான். திருவிழாவில் கரகம் முதலில் தாழையனூரில்தான் இறங்கும். அந்த வளைவைக் கட்டியவரே ஏறிப் பிரிக்க வேண்டும். பிரித்தார். ஏணியில் நின்று தன் முகத்தைத் தானே சுருட்டியபோது ஊரே வேடிக்கை பார்த்தது. ஃபிளெக்ஸை வீணாக்க வேண்டாம் என்று முத்துமாரியம்மாள் ஆட்டுக்கொட்டத்துக்கு வாங்கிக்கொண்டு போனார்.

அதன்பிறகு மோட்டார் ரூமுக்குப் போனார் சுரேஷ்கண்ணன்.

"ஒறவுமொறையிலதான் கேக்குறேன் மச்சான்," என்றார். குரல் உடைந்துவிட்டது. "பிள்ள கல்யாணம் நின்னுரும் போல இருக்கு."

கருத்தக்கண்ணனுக்கும் கண் கலங்கிற்று. தங்கை மகளுக்காக எடுத்த பட்டுச்சேலை அவர் வீட்டு பீரோவில்தான் இருந்தது. ஊர் போட்ட தடையும் விலகிவிட்டது, சீரோடு வருவதாகச் சொன்னார். ஆனால் தண்ணீர் விஷயத்தில் தயங்கினார்.

"கவர்மெண்டு பிரிச்சத நான் பைப்ப ஒட்டி, வால்வத் திருப்பிச் சேத்துற முடியுமா மாப்ள? நாளைக்கு எவனாச்சும் மனுப் போட்டான்னா எம்பொழப்புப் போயிரும். கலெக்டர் ஆபீஸுல ஒரு வார்த்த வாங்கிருவோம். நானும் வாரேன்."

திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். வியாழக்கிழமை கல்யாணம். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே வேனில் தேனிக்குப் போனார்கள். கருத்தக்கண்ணனும் சுரேஷ்கண்ணனும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னமனூர் தாண்டும்போது கருத்தக்கண்ணன் ஒரு வடையைப் பிய்த்துப் பாதியை நீட்டினார், சுரேஷ்கண்ணன் வாங்கிக்கொண்டார். கலெக்டர் ஆபீஸ் வாசலில் போலீஸ்காரர்கள் ஒவ்வொருவர் பையையும் திறந்து, மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று மோந்து பார்த்தார்கள். சுரேஷ்கண்ணனின் பாட்டிலில் இருந்தது தண்ணீர்தான் என்று நம்புவதற்கு அவர்களுக்கு நேரம் பிடித்தது.

வரிசையில் நின்று, மனுவில் நம்பர் வாங்கி, மாடி ஏறி, அது இந்த செக்‌ஷன் இல்லை என்று கீழே இறங்கி, கடைசியில் அருள்செல்வி என்ற அலுவலரின் மேஜைக்கு வந்து சேர்ந்தார்கள். சின்ன வயசு, பொறுமையான முகம். சுரேஷ்கண்ணன் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். கொசுமருந்து நின்றது, விளக்கு நின்றது, வேலை நின்றது, தண்ணீர் நின்றது, பெண்டாட்டி போனது வரை சொன்னார். சொல்லி முடித்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது.

"புத்தியில்லாமப் பிரிஞ்சுட்டோம்மா. இனிமே வாழ்நாள்ல இப்படிக் கேக்க மாட்டோம். எப்படியாச்சும் எங்கள மறுபடியும் சேத்துவிடுங்க."

"ஆமாம்மா, எங்களுக்கும் சம்மதம்தான்," என்றார் கருத்தக்கண்ணன், பக்கத்தில் கைகட்டி நின்றபடி.

அருள்செல்வி கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். நெற்றியைச் சுருக்கினார். ஊர்ப் பெயரை இன்னொரு தரம் கேட்டு மறுபடியும் தட்டினார். பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார், அவரும் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வேனில் வந்தவர்கள் எல்லோரும் மேஜையைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அருள்செல்வி நிமிர்ந்து இரண்டு ஊர்க்காரர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தாழையனூரும் கொடிக்கால்மேடும் இன்னைக்கு வரைக்கும் ஒரே ஊராட்சிதானே. ஒங்கள யாரு பிரிச்சது?"